அட்டையில் இருப்பது என் டிராக்டர்

எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டிய கையால் ஸ்டீயரிங் பிடித்தவன் நான். முதலில் அடுத்தவர் டிராக்டர். பிறகு என் டிராக்டர். பிறகு ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்ற இரண்டு டிப்பர். பாடாலூரில் ஹைவேயை ஒட்டி டிரெய்லர் கட்டும் பட்டறை. பெரம்பலூரில் மூன்று மாடிக் கட்டடம்.

படிப்பு? ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. வெட்டு சீசனுக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டுப் போயிருந்தது.

சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத வீட்டுப் பையனுக்கு டிராக்டர் எதற்கு என்று கேட்டார்கள். வாங்கினேன். கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது பாறை வந்தது. இடத்தை விட்டுவிடச் சொன்னார்கள். பாறைமேலேயே கட்டினேன். இன்றுவரை ஒரு விரிசல் கிடையாது. சந்தேகம் இருந்தால் வந்து பார்க்கலாம்.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். 'அண்ணன் ஆரம்பிச்சிட்டாரு' என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். இந்த வாரம் அந்தப் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்கிறது.

ஜெர்மன் இலக்கணம்.

விளையாட்டில்லை. ஜெர்மன் மொழியில் சார்பு வாக்கியம் என்று ஒன்று இருக்கிறது. நம் ஊர் நர்ஸ் பிள்ளைகளின் உயிரை எடுக்கிற சமாச்சாரம். அதைப் புரியவைக்க ஒரு வழி கண்டுபிடித்தவன் நான். அந்த வழி போன ஞாயிற்றுக்கிழமை புத்தகமாக வெளிவந்தது. அட்டையில் என் டிராக்டர் இருக்கிறது.

உள்ளே என் பெயர் இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். என் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஜெர்மன் வகுப்பு நடக்கிறது. நர்சிங் முடித்த பிள்ளைகள் ஜெர்மனிக்குப் போக வேண்டுமென்றால் அந்த ஊர்ப் பாஷையில் பரீட்சை எழுதிப் பாஸாக வேண்டும். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் டூட்டி முடித்து, டிபன் பாக்ஸோடு வருவார்கள். சொல்லிக்கொடுக்கிறவர் பாஸ்கர் சார். சென்னைக்காரர். ஜெர்மனியில் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். என்னை 'அய்யா' என்பார். நான் அவரை 'சார்' என்பேன். வயதில் என் மகனைவிடச் சின்னவர். ஆனாலும் படித்தவர் அல்லவா?

சாயந்தரமானால் மேலே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். ஃபேன் ஓடுகிறதா, தண்ணீர் கேன் இருக்கிறதா என்று பார்க்கப் போனவன்தான்... அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விட்டுப்போன பள்ளிக்கூடம் என் மாடிக்கே வந்திருக்கிறது. உட்காராமல் இருப்பேனா?

எல்லாம் நன்றாகத்தான் போனது — சார்பு வாக்கியம் வரும்வரை.

அதன் ஜெர்மன் பெயரை, 'நெபன்ஸாட்ஸ்' என்று போர்டில் எழுதினார் சார். அன்றிலிருந்து வகுப்புக்குக் காய்ச்சல் பிடித்தது. ஜெர்மனில் 'எனக்கு உடம்பு சரியில்லை' என்பதற்கு 'இஷ் பின் க்ராங்க்' என்பார்கள். 'இஷ்' என்றால் நான். 'க்ராங்க்' என்றால் சுகமில்லாமல். 'பின்' என்பது வினை. வாக்கியத்தில் இரண்டாவதாக உட்கார்ந்திருக்கும். இதே வாக்கியத்தை 'உடம்பு சரியில்லாததால்' என்று இன்னொரு வாக்கியத்தோடு சேர்க்க வேண்டும் என்றால், முன்னால் 'வைல்' என்று ஒரு சொல் வரும். அது வந்த உடனே, இரண்டாவதாக இருந்த 'பின்' எழுந்து கடைசிக்குப் போய்விடும். 'வைல் இஷ் க்ராங்க் பின்.'

ஏன் போகிறது? யார் போகச் சொன்னது?

சார் இங்கிலீஷை வைத்து விளக்கினார். இங்கிலீஷில் 'பிகாஸ் ஐ ஆம் இல்'. அதில் 'ஆம்' நகரவே நகராது. தனியாக வந்தாலும் 'ஐ' பக்கத்தில்தான், 'பிகாஸ்' வந்தாலும் 'ஐ' பக்கத்தில்தான். அதையே மனதில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஜெர்மனிலும் 'பின்'னை நகர்த்தாமல் எழுதினார்கள். சிவப்பு மை. மறுபடி எழுதினார்கள். மறுபடி சிவப்பு மை. நித்யா என்று ஒரு பிள்ளை, ஜெயங்கொண்டம் பக்கம். இரண்டு தடவை பரீட்சை எழுதி இரண்டு தடவையும் போய்விட்டது. அன்றைக்கு நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னது:

"சார், நான் ஊசி போடுறதோடயே இருந்துக்கறேன். இந்த ஊசி எனக்கு ஏற மாட்டேங்குது."

எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தேன்.

"ஏம்மா, பெரம்பலூர்லேருந்து அரியலூர் போவறதுக்கு யாராச்சும் திருச்சியச் சுத்திப் போவாங்களா? தமிழ்லேருந்து நேரா ஜெர்மனுக்குப் போங்க. நடுவுல எதுக்கு இங்கிலீசு?"

சார் சிரித்தார். "அய்யா, அது எப்படிங்க முடியும்?"

"எல்லாரும் கீழ வாங்க" என்றேன்.

கட்டடத்துக்குப் பின்னால் என் பழைய டிராக்டர் நின்றது. பக்கத்தில் கரும்பு டிரெய்லர். நான் சொன்னது இவ்வளவுதான். டிராக்டர் தனியாகப் போனால் கூடப் போகிற ஆள் எங்கே உட்காருவான்? டிரைவர் பக்கத்தில், மட்கார்டில். டிரைவர் ஒன்று, அவன் இரண்டு. டிரெய்லர் வேலை என்றால்? அதே ஆள் டிரெய்லரின் வாலுக்குப் போய்விட வேண்டும். சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு. திருப்பத்தில் பின்னால் வருகிறவனுக்குச் சைகை காட்ட ஆள் வேண்டாமா? கரும்பு ஏற்றிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தேன். 'இஷ்' டிரைவர் சீட்டில். 'பின்' மட்கார்டில். அது நித்யா. 'க்ராங்க்' பின்னாலே நின்றுகொண்டது. இது தனி வாக்கியம்; தானே ஓடும். இப்போது மூன்று பேரையும் இறக்கி டிரெய்லருக்கு அனுப்பினேன். டிரெய்லர் தானே ஓடாது; டிராக்டரோடு மாட்ட ஒரு கொக்கி வேண்டும். 'வைல்' அட்டை வைத்திருந்த பிள்ளையைக் கொக்கியில் நிறுத்தினேன். அதன்பின் 'இஷ்', அதன்பின் 'க்ராங்க்'. நித்யா யோசித்துக்கொண்டு நின்றது. நான் வாய் திறக்கவில்லை. அதுவே நடந்துபோய் டிரெய்லர் வாலில் ஏறி நின்றது. அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"கொக்கி மாட்டுனா ஆளு கடைசிக்குப் போவணும். அம்புட்டுதானேங்கய்யா?"

அவ்வளவுதான்.

இங்கிலீஷ்காரன் டிரெய்லரில் ஏறினாலும் முன்னாலேயே உட்கார்ந்துகொள்வான் என்றேன். நம் தமிழ் ஆள் என்றைக்குமே வாலில்தான் என்றேன். 'நான் ஊருக்குப் போறேன்' — போறேன் எங்கே இருக்கிறது? கடைசியில். ஜெர்மன்காரன் பாதி இங்கிலீஷ்காரன் மாதிரி, பாதி நம்ம மாதிரி. கொக்கியைப் பார்த்தால் நம்மவனாகிவிடுவான். பிள்ளைகள் கொக்கிகளைத் தேட ஆரம்பித்தார்கள். 'என்று' சொல்ல ஒரு கொக்கி, 'என்றால்' சொல்ல ஒரு கொக்கி... ஒரு வாரத்தில் சிவப்பு மைக்கு வேலை குறைந்தது. மூன்றாவது தடவை நித்யா பாஸ். இப்போது ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறது.

பாஸ்கர் சார் அன்றைக்கு டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். நான்கூட நினைத்தேன், டிராக்டர் பிடித்துவிட்டது போல என்று.

சில மாதம் கழித்து என் ஆபீசுக்கு வந்தார். டிரெய்லர் முறையை வைத்து ஒரு புத்தகம் எழுதியிருப்பதாகச் சொன்னார். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்.

"அய்யா, புத்தகத்துல உங்க பேரைப் போட்டுடட்டுமா?"

நான் என்ன சொன்னேன்?

"எனக்கெதுக்கு சார் பேரு? புள்ளைங்க பாஸ் பண்ணாப் போதும்."

'சரிங்கய்யா' என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். திரும்பி வருவார் என்று.

உங்களுக்குத் தெரியாததா? நம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போகிறோம். சாப்பிடுகிறீர்களா என்கிறார்கள். 'இப்பதாங்க சாப்ட்டுட்டு வரேன்' என்கிறோம். வயிறு காய்ந்துகொண்டிருக்கும். அவர்களுக்கும் அது தெரியும். 'அட, வாங்க' என்று இலையைப் போடுவார்கள். 'அய்யோ, எதுக்குங்க' என்று சொல்லிக்கொண்டே உட்காருவோம். கேட்டதும் சரி என்பவன் பேராசைக்காரன். ஒரு தடவை கேட்டு விடுகிறவன் கஞ்சன். இது எழுதாத சட்டம். முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு. இரண்டாவது 'வேண்டாம்' வழக்கத்துக்கு. மூன்றாவது தடவை சொன்னால்தான் அது வேண்டாம்.

எழுபது வருஷமாக இப்படித்தான் வாழ்ந்திருக்கிறேன். சார் இரண்டாவது தடவை கேட்கவே இல்லை.

போன ஞாயிறு விழா. பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் ஃப்ளெக்ஸ். என் டிராக்டர், என் டிரெய்லர், வாலில் சிவப்புத் துணியோடு ஓர் ஆள். எல்லாம் வரைந்திருந்தார்கள். அழைப்பிதழில் என் பெயர் 'முன்னிலை'யில். முன்னிலை என்றால் என்ன அர்த்தம்? வந்து உட்கார்ந்திரு, பேசாதே என்று அர்த்தம். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். எதற்காக? 'கட்டட உரிமையாளர்' என்பதற்காக.

பிறகு சார் பேசினார். நன்றாகப் பேசுவார். ஒரு நாள் மாலை மாடி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாராம். ஒரு டிராக்டர் நின்றதாம். அதைப் பார்த்ததும் சார்பு வாக்கியத்தின் அமைப்பு அவருக்கு மின்னல்போலத் தோன்றியதாம். கைதட்டல்.

ஜன்னலா? மூன்றாவது மாடியில் பின்பக்கம் ஜன்னலே கிடையாது. கட்டியவன் நான். எனக்குத் தெரியாதா?

நித்யா ஜெர்மனியிலிருந்து அனுப்பிய வீடியோவைப் போட்டார்கள். வெள்ளைக் கோட்டில், கன்னம் சிவந்து, நன்றாக இருந்தது பிள்ளை. 'எங்க பாஸ்கர் சாருக்கு நன்றி' என்றது. அத்தோடு வீடியோ நின்றுவிட்டது.

புத்தகத்தை வாங்கினேன். முன்னுரையிலும் அதே ஜன்னல். நன்றிப் பக்கத்தைத் திறந்தேன். அம்மாவுக்கு நன்றி. மனைவிக்கு நன்றி. மெய்ப்புப் பார்த்தவருக்கு நன்றி, பெயரோடு. அட்டை வரைந்தவருக்கு நன்றி, பெயரோடு. கடைசி வரி: 'இடம் தந்து உதவிய கட்டட உரிமையாளருக்கும்.' பெயர் இல்லை. வினைகூட இல்லை. அப்படியே அந்தரத்தில் நிற்கிறது.

படித்தவன் சொன்னால் அது 'மெத்தட்'. படிக்காதவன் சொன்னால் அது பேச்சு. காற்றில் போகிற பேச்சை யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம், இல்லையா?

சாப்பாட்டுப் பந்தியில் சார் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். ரசம் முடிவதற்குள் கேட்டுவிட்டேன்.

"சார், டிராக்டர் என்னுது. டிரெய்லர் என்னுது. சொன்னவன் நானு. புத்தகத்துல நான் எங்க சார்?"

அவர் முகத்தில் நிஜமாகவே ஆச்சரியம். நடிப்பாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"அய்யா, நான் கேட்டேனே. நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார்."

"எனக்கு எப்படிங்கய்யா தெரியும்? வேணாம்னு சொன்னவர் பேரை மீறிப் போட்டா தப்பில்லையா?"

அந்த நேரம் பார்த்துப் பரிமாறுகிற ஆள் பாயசத்தோடு வந்தான். எனக்குச் சர்க்கரை. இலைக்கு மேலே கையை விரித்து, 'வேணாம்ப்பா' என்றேன். அவன் என் கையை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு, 'கொஞ்சூண்டு அண்ணே, நல்ல காரியம்' என்று இரண்டு கரண்டி ஊற்றிவிட்டுப் போய்விட்டான்.

பார்த்தீர்களா? பாயசம் ஊற்றுகிறவனுக்குத் தெரிந்தது...

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இதே சார் ஒரு நாள் வகுப்பில் பாடம் எடுத்தார். ஜெர்மன்காரர்கள் வீட்டில் காபி வேண்டுமா என்று ஒரே ஒரு தடவைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் காபியை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். மறுபடி கேட்டால் உங்கள் வார்த்தையை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். அதனால் வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்லிப் பழகுங்கள் என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்.

பாடம் நடந்தது என் மாடியில். எனக்கு மட்டும் ஏறவில்லை.

ஆனால் ஒன்று. சார் ஜெர்மனியில் இருந்தது ஏழு வருஷம். அதற்கு முன்னால் எங்கே இருந்தார்? தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு முதல் 'வேண்டாம்' எது, மூன்றாவது 'வேண்டாம்' எது என்று தெரியாதா? வசதியாக இருக்கும்போது மட்டும் மனிதன் ஜெர்மன்காரன் ஆகிவிடுகிறான். சரி, நான் வேண்டாம் என்றது பெயரைத்தானே? ஜன்னல் கதையை யார் கேட்டது?

இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"அய்யா, இப்ப வேணும்னா சொல்லுங்க. அடுத்த அச்சுல போட்டுடலாம். போடட்டுமா?"

கடவுள் கொடுத்த இரண்டாவது சந்தர்ப்பம். பந்தியில் நாலு பேர் எங்களையே பார்க்கிறார்கள். என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"பரவால்ல, விடுங்க சார்."

என் வாயை நான் என்ன செய்ய? டிராக்டருக்கு பிரேக் உண்டு. இதற்கு இல்லை.

'சரிங்கய்யா' என்று அவர் பாயசம் குடிக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரி முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு தடவ கேட்டிருக்காரு மனுசன். நீங்க என்ன மறுவூட்டு மாப்புள்ளையா, தாம்பாளத்தோட வந்து மூணாந்தடவ கூப்புட?"

 

செவ்வாய்க்கிழமை நித்யா போன் செய்தது. விழா நன்றாக நடந்ததா என்று கேட்டது. நன்றாக நடந்தது என்றேன்.  பிறகு சொன்னது: வீடியோவில் முதலில் சாருக்கும், அடுத்து எனக்கும் நன்றி சொல்லியிருந்ததாம். 'மட்கார்டுல என்னை உக்கார வச்சது அய்யாதான்' என்று என் பேரைச் சொல்லியே பேசியிருந்ததாம். விழாவில் நேரம் போதாது என்று பின்பாதியை வெட்டிவிட்டார்களாம்.

வாலை வெட்டிவிட்டார்கள். அங்கே நின்றவன் நான்.

"நீங்க கேட்டிருக்கணும்ங்கய்யா" என்றது நித்யா. "வந்த புதுசுல எனக்கும் இதேதான். வார்டுல சாப்புடுறியான்னு கேப்பாங்க, நான் வேணாம்பேன். தட்ட எடுத்துட்டுப் போயிடுவாங்க. மூணு நாளு ரொட்டியத் தின்னுட்டு அழுதேன். நாலாம் நாளு, 'வேணும்'னு சொன்னேன். சோறு வந்துச்சு. அவ்ளோதான்யா."

அந்தப் பிள்ளைக்கு மூன்று நாள் பசியில் வந்த புத்தி. எனக்கு எழுபது வருஷமாக வரவில்லை.

என் பட்டறையில் கட்டிய டிரெய்லர் ஒவ்வொன்றிலும் பின்பலகையில் என் பெயர் இருக்கும். பெயிண்டால் எழுதியதில்லை, வெல்டிங் வைத்தது. சுரண்டினாலும் போகாது. ஏன் தெரியுமா? என் அப்பா ஆயுசு பூராவும் கரும்பு வெட்டினார். எந்தக் கரும்புக் கட்டிலும் அவர் பெயர் இருந்ததில்லை. சர்க்கரையில் யார் பெயரைப் பார்க்க முடியும்? அது கரைந்துவிடும். நான் கரைய மாட்டேன் என்றுதான் இரும்புக்கு வந்தேன். காகிதத்தில் வந்து கரைந்திருக்கிறேன்.

பாஸ்கர் சார், இந்தப் பத்தியை நீங்கள் படிப்பீர்கள். வாராவாரம் படிப்பதாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இது பந்தி இல்லை, என் முகத்தைப் பார்க்க நாலு பேர் இல்லை. என் வாய்க்கு இங்கே வேலை இல்லை. கையால் எழுதுகிறேன்.

அடுத்த அச்சில் அந்தக் கட்டட உரிமையாளர் வரியை எடுத்துவிடுங்கள். கட்டடம் பாறைமேல் நிற்கிறது, அதற்கு உங்கள் நன்றி வேண்டாம். இது மூன்றாவது வேண்டாம், நிஜமானது. ஜன்னலையும் எடுத்துவிடுங்கள், இல்லாத ஜன்னல். முதல் பக்கத்தில், உங்கள் பெயருக்குக் கீழேயே இருக்கட்டும், பரவாயில்லை — 'டிரெய்லர் முறையைச் சொன்னவர்' என்று போட்டு என் பெயர். என் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு.

போடட்டுமா என்று கேட்டுக்கொண்டு படியேறி வராதீர்கள். வந்தால் நான் பழக்கத்தில் ஏதாவது சொல்லிவிடுவேன்.

வேண்டும் சார். போடுங்கள்.